கள்ளப் போதகரை அறியும் வகை: முதல் மூன்று நூற்றாண்டுக் கிறித்தவ வரலாற்றில் ஓர் ஆய்வு

தோற்றுவாய்

ஒரு சமயம் தன் பகைவரை அடையாளங் காண்பது எளிது. தன் பெயரையே சூடித் தன் மொழியையே பேசி வரும் பொய்யரை அடையாளங் காண்பது அரிது. தவவேடத்துள் மறைந்து நிற்கும் தீயொழுக்கத்தைக் கண்டிக்கத் திருவள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ என ஓர் அதிகாரமே வகுத்தார் என்பது தமிழ் பயின்றார் அறிந்ததே. கிறித்தவ சமயமும் தன் தொடக்க நாளிலேயே இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்டது. ஆட்டுத்தோல் போர்த்து வரும் ஓநாய்களைக் குறித்தும், கனியைக் கொண்டே மரத்தை அறிய வேண்டும் என்பது குறித்தும் இயேசு எச்சரித்ததாக மத்தேயு நற்செய்தி கூறும். ஆயின், எது கனி, அதனை ஆய்ந்து தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்குரியது என்னும் வினாக்களுக்கு அவ்வுவமையில் விடை இல்லை. அவ்விடையைத் திருச்சபை தன் பட்டறிவாலேயே தேட வேண்டியதாயிற்று.

அத்தேட்டத்தில் மூன்று அளவுகோல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. முதலாவது, போதகரின் ஒழுக்கம்; இரண்டாவது, அவர் கூறும் கோட்பாடு; மூன்றாவது, அவர் வகிக்கும் பதவியும் அதன் வழிமுறையும். முன்னைய அளவுகோலுக்கு அகப்படாத ஒருவர் தோன்றியபோது பின்னையது தேவைப்பட்டது என்பதும், அவ்வளவுகோல் மாறியபோதெல்லாம் அதனைக் கையாளும் கையும் மாறியது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாம்.

ஆய்விற் புகுமுன் ஒன்றனை நினைவிற் கொள்ளல் வேண்டும். ‘கள்ளப் போதகர்’ எனப் பெயர் பெற்றோரின் எழுத்துகளுட் பெரும்பாலன அழிந்துபட்டன. அவர்களைப் பற்றி அவர்தம் எதிரிகள் எழுதியனவே நமக்கு மிகுதியாகக் கிடைக்கின்றன. கி.பி. 1945-இல் எகிப்தின் நாக் அம்மாடி என்னும் ஊருக்கு அருகே பதின்மூன்று பழஞ்சுவடிகள் வெளிப்பட்ட பின்னரே, ஞானக்கொள்கையர் எனப்பட்டோரின் கருத்துகளை அவர்தம் வாய்மொழியாகவே விரிவாக அறியும் வாய்ப்பு நமக்கு உண்டாயிற்று. ஆதலின், ஈண்டுக் குற்றச்சாட்டுகளை எடுத்துரைக்கும்போது, அவற்றைச் சாட்டியவர் யார் என்பதையும் உடன் கூறிச் செல்வோம்.

வழிச்செல்வாரும் வீட்டாரும்

முதல் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவச் சபைகள் ஊருக்கு ஊர் சிறு சிறு வீட்டுக் கூட்டங்களாகவே இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்தவர்கள் திருத்தூதர், தீர்க்கதரிசி, போதகர் எனப் பெயர் பெற்ற வழிச்செல்வோர் ஆவர். அவர்களுக்கு உணவும் உறையுளும் அளிப்பது அறமெனக் கருதப்பட்டது. அவ்வறமே பொய்யர் நுழையும் வாயிலாகவும் அமைந்தது. இந்நெருக்கடியை யோவான் பெயரால் வழங்கும் இரு சிறு நிருபங்கள் நன்கு காட்டுகின்றன. இரண்டாம் நிருபம், மாறுபட்ட போதனையோடு வருபவனை வீட்டில் ஏற்கலாகாது என ஆணையிடுகின்றது. மூன்றாம் நிருபமோ, தியோத்திரேப்பு என்பவன் வழிவந்த உடன்பிறப்புகளை ஏற்க மறுத்தான் எனக் குறை கூறுகின்றது. கதவைத் திறப்பதிலும் இடர் உண்டு. அடைப்பதிலும் இடர் உண்டு என்பதனை இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் படிப்பார் உணர்வர்.

இந்நிலையில் எழுந்த கையேடே ‘பன்னிரு திருத்தூதரின் போதனை’. போதனை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ‘திடாக்கே’ என்று அறிஞர் இதனைச் சுட்டுவர். பல நூற்றாண்டுகள் பெயரளவிலேயே அறியப்பட்டிருந்த இந்நூலின் முழு வடிவத்தைக் கி.பி. 1873-இல் கான்சுதாந்தினோப்பிளில் இருந்த நூல்நிலையம் ஒன்றில் பிலோத்தேயு பிரியென்னியோசு என்னும் கிரேக்கத் திருச்சபை அறிஞர் கண்டெடுத்து, 1883-இல் பதிப்பித்தார். அவர் கண்ட ஏடு கி.பி. 1056-இல் படியெடுக்கப்பட்டது. நூலோ முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்தது என்பது ஆய்வாளர் பலர் முடிபு. பதினாறு சிறு அதிகாரங்களையுடைய இந்நூலின் பதினொன்று முதல் பதின்மூன்று வரையுள்ள அதிகாரங்கள் நம் ஆய்வுக்கு உயிர்நிலையாவன.

அவ்வதிகாரங்கள் கூறும் அடையாளங்கள் மிக எளியன. வரும் திருத்தூதர் ஒரு நாள் தங்கலாம். தேவை நேரின் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்குவாராயின் அவர் பொய்யர். புறப்படும்போது அடுத்த இரவுக்கு வேண்டும் அப்பமன்றி வேறொன்றும் பெறலாகாது. பணம் கேட்பாராயின் அவர் பொய்யர். ஆவியின் பெயரால் விருந்து சமைக்கச் சொல்லி அதனைத் தாமே உண்பாரும், தாம் போதிப்பதைத் தாம் செய்யாதாரும் பொய்யரே. ஆயின், வறியவர் பிறருக்காகக் கேட்பாரை எவரும் தீர்ப்பிடலாகாது என்னும் விலக்கும் உடன் கூறப்படுகின்றது. பொய்யரை விலக்கும் வேகத்தில் ஏழையின் வாயில் அடைபட்டுவிடலாகாது என்னும் அக்கறையை இவ்விலக்கிற் காண்கிறோம்.

ஊரிலேயே தங்க விரும்பும் சாதாரண வழிப்போக்கருக்கும் விதி உண்டு. தொழில் அறிந்தவர் உழைத்து உண்ணல் வேண்டும். தொழில் அறியாதார்க்குச் சபையார் வழி காட்டல் வேண்டும். இதற்கு இசையாதவர் கிறித்துவை வைத்து வாணிகம் செய்பவர். இப்பொருளைத் தர இந்நூலாசிரியர் கையாளும் ‘கிறித்தெம்பொரோசு’ என்னும் கிரேக்கத் தொடர்ச்சொல் கருதத்தக்கது. ‘எம்பொரோசு’ என்பது வணிகனைக் குறிக்கும் சொல். அறத்தை விலைப்பொருளாக்கும் வணிகரைப் பற்றிய கருத்துப் புறநானூறு கற்றார்க்குப் புதிதன்று. ஆயினும் அக்கருத்து ஒரு சபையின் அன்றாட நடைமுறை விதியாகவே வகுக்கப்பட்டமை ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது.

தீர்க்கதரிசி ஆவியால் ஏவப்பட்டுப் பேசும்போது அவர் பேச்சைச் சோதித்தலாகாது என்றும் திடாக்கே கூறுகின்றது. பேச்சைச் சோதிக்க இயலாதபோது எஞ்சி நிற்பது வாழ்க்கையே. அதனாலேயே உணவு, உறையுள், பணம் ஆகிய மூன்றும் உரைகற்களாயின. இவற்றைக் கையாளக் கல்வி வேண்டுவதில்லை, பதவி வேண்டுவதில்லை. விருந்தினர் எத்தனை நாள் தங்கினர், யாது கேட்டனர் என்பதை வீட்டார் எவரும் அறிவர். முதல் அளவுகோலின் வலிமை இதுவே என்பது நம் கருத்து.

எர்மாவின் குடங்களும் இலூசியனின் நகையும்

இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உரோமையில் எழுந்த ‘மேய்ப்பன்’ என்னும் நூலின் ஆசிரியர் எர்மா, தம் பதினோராம் கட்டளையில் பொய்த் தீர்க்கதரிசியின் இயல்பை விரிக்கின்றார். அவன் தன்னைத் தானே உயர்த்துவான், முதலிருக்கையை விரும்புவான், சுகபோகத்தில் வாழ்வான், கூலி பெற்றாலன்றிக் குறி சொல்லான். மேலும், அவன் ஐயமுடையாரைத் தனியிடத்தில் சந்தித்து, அவர் விரும்பும் விடையையே கூறுவான். நீதிமான்கள் கூடியிருந்து இறைவனை வேண்டும் அவையில் வாயடைத்து நிற்பான். பண்டசாலையில் நிறைகுடங்களிடையே வைக்கப்பட்ட வெறுங்குடம் எடுத்துப் பார்க்கும்போதும் வெறுங்குடமாகவே இருப்பது போல, அவனும் வெறுமையாகவே வெளிப்படுவான் என்பது எர்மா காட்டும் உவமை. மறைவில் மட்டுமே பலிக்கும் வாக்கைச் சபை நடுவே கொணர்ந்து நிறுத்துதல் என்னும் இச்சோதனை, திடாக்கேயின் சோதனைகளோடு ஒத்த இனத்தது. ஒரு படி கூர்மையானதும் ஆகும்.

இவ்வச்சங்கள் வெற்றச்சங்கள் அல்ல என்பதற்குப் புறச்சமயத்தார் ஒருவரின் சான்றும் உண்டு. சமோசாத்தா நகரினரான இலூசியன் என்னும் அங்கத எழுத்தாளர், கி.பி. 165-இல் ஒலிம்பியாவில் தீப்பாய்ந்து இறந்த பெரெகிரினசு என்பவரின் கதையை எழுதினார். பாலசுதீனத்தில் கிறித்தவரை அடுத்த பெரெகிரினசு விரைவில் அவர்களுள் முதன்மை பெற்று, அவர்தம் நூல்களுக்கு விளக்கம் கூறிப் புதிய நூல்களையும் இயற்றினார். சிறைப்பட்டபோது கைம்பெண்களும் அனாதைக் குழந்தைகளும் விடியலிலேயே சிறைவாயிலில் காத்துநின்றனர். ஆசியா மாநிலத்து நகரங்களிலிருந்தும் உதவி வந்தது. அதனால் அவர் பெரும்பொருள் ஈட்டினார் என்கிறார் இலூசியன். சூதறிந்த எவனும் இவ்வெளிய மக்களிடையே விரைவில் செல்வனாகிவிடலாம் என்பது அவர் நகைப்பு. விலக்கப்பட்ட உணவை உண்டதால் பின்னர்க் கிறித்தவர் அவரைத் தள்ளிவைத்தனர் போலும் என்றும் அவர் குறிப்பிடுகின்றார்.

இச்சான்றை முழுமையாக ஏற்றற்கு ஒரு தடை உண்டு. அதே பெரெகிரினசை ஏதென்சு நகருக்கு அருகே கண்டு பழகிய உரோம எழுத்தாளர் ஆலசு கெல்லியசு, அவரை மதிப்பும் உறுதியும் வாய்ந்த மனிதர் எனப் போற்றுகின்றார். ஒருவரையே ஒருவர் எத்தர் என்கிறார். மற்றொருவர் சான்றோர் என்கிறார். ஒழுக்க அளவுகோலின் இடர்ப்பாடு இங்கே தலைகாட்டுகின்றது. ஒழுக்கம் காண்பார் கண்ணுக்கேற்ப வேறுபடும். ஒரு வீட்டில் மூன்று நாள் கண்டது முழு வாழ்வையும் காட்டிவிடாது.

பணம் கொடுத்த போதகர்

ஒழுக்க அளவுகோல் முற்றும் செயலற்றுப் போன இடம் மார்சியனின் வரலாறு. கருங்கடற்கரையிலுள்ள சினோப்பே நகரினரான இவர் கப்பலுடையவர், செல்வர். உரோமைச் சபைக்கு வந்தபோது 2,00,000 செசுதர்சு நாணயங்களை நன்கொடையாக வழங்கினார் என்றும், பின்னர் அவர் விலக்கப்பட்டபோது அப்பணமும் அவருடன் வெளியேற்றப்பட்டது என்றும் தெர்த்துல்லியன் எழுதுகின்றார். இப்பிரிவு கி.பி. 144-இல் நிகழ்ந்தது என்பர்.

பணம் கேட்பவன் பொய்யன் என்பது திடாக்கேயின் விதி. இவரோ பணம் கொடுத்தவர். சுகபோகம் பொய்யரின் குறி என்றார் எர்மா. மார்சியனோ கடுந்துறவைப் போதித்தார். மணவாழ்வைத் துறந்தார்க்கே அவர் சபையில் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. தம் நம்பிக்கைக்காக உயிர் துறந்தோரும் அச்சபையில் பலர் இருந்தனர் என்பதை அவர்தம் எதிரிகளே ஒப்புக்கொண்டனர். ஆகவே, அவர் வாழ்வில் குறை காண முயன்றார்க்குப் பற்றுக்கோடு அரிதாயிற்று. சிக்கல் அவர் போதனையிலேயே இருந்தது.

யூதரின் திருநூல் காட்டும் படைப்புக் கடவுள் வேறு, இயேசு வெளிப்படுத்திய அன்புக் கடவுள் வேறு என்றார் மார்சியன். பழைய ஏற்பாட்டை முழுதும் விலக்கினார். லூக்கா நற்செய்தியின் சுருங்கிய வடிவம் ஒன்றையும், பவுலின் நிருபங்கள் பத்தையுமே திருநூலாகக் கொண்டார். அவர் இயக்கம் விரைந்து பரவியது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய யுசுதீன், மார்சியனின் மாணாக்கர் எல்லா இனத்தாரிடையேயும் உளர் என வருந்துகின்றார். தமாசுக்கு நகருக்கு அருகிலுள்ள தெயிர் அலி என்னும் சிற்றூரிற் கிடைத்த, கி.பி. 318-319 ஆண்டுக்குரிய கல்வெட்டு ஒன்று மார்சியனாரின் தொழுகைக் கூடத்தைக் குறிக்கின்றது. காலம் பொறிக்கப்பட்ட கிறித்தவக் கோயிற் கல்வெட்டுகளுள் மிகப் பழையனவற்றுள் அஃது ஒன்று. பெருந்திருச்சபையால் விலக்கப்பட்டு 170 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வியக்கம் சிற்றூரளவில் வேரூன்றியிருந்தமை இதனாற் போதரும்.

நேரிய வாழ்வுடையவரும் தவறான போதனை தரலாகும் என்னும் உண்மையை மார்சியனால் திருச்சபை உணர்ந்தது. அதன்பின், ‘இவர் எவ்வாறு வாழ்கின்றார்’ என்னும் வினாவினும், ‘இவர் யாது கூறுகின்றார்; எந்நூலைக் கொண்டு கூறுகின்றார்’ என்னும் வினா முதன்மை பெற்றது. புதிய ஏற்பாட்டு நூல்கள் இவை இவை என வரையறுக்கும் முயற்சிக்கு மார்சியனின் தொகுதி எவ்வளவு தூண்டுகோலாயிற்று என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடுவர். அது விரைவு பெற்றதற்கு அவரும் ஒரு காரணர் என்பதளவில் நாம் அமைவோம்.

வாய்மை நெறியும் வழிமுறையும்

இப்புதிய அளவுகோலுக்குத் தெளிந்த வடிவம் தந்தவர் இலியோன் நகர ஆயர் இரேனியசு. கி.பி. 180-ஐ ஒட்டி அவர் ஐந்து பகுதிகளாக எழுதிய மறுப்பு நூல், ஞானக்கொள்கையரையும் மார்சியனையும் எதிர்த்து எழுந்தது. எதிரிகளும் திருநூல் தொடர்களையே எடுத்தாண்டமையால், திருநூலை மட்டும் காட்டி வாதிடுவது போதவில்லை. இதனை விளக்க அவர் ஓர் உவமை கூறுகின்றார். மணிக்கற்களால் அழகுற அமைந்த அரசன் உருவத்தைக் கலைத்து, அதே கற்களால் நரியின் உருவத்தை அமைத்து, அரசன் உருவம் இதுவே எனக் காட்டுவாரைப் போன்றவர் அவர் என்பது அவ்வுவமை. கற்கள் உண்மையானவை, அமைப்பே பொய். ஆதலின், மூல உருவம் எது என அறிந்தவர் வேண்டும். அவ்வறிவைத் திருமுழுக்கின்போது பெறும் ‘வாய்மை நெறி’ தரும் என்றார். அந்நெறியைத் திருத்தூதரிடமிருந்து வழிவழியாகப் பெற்றுக் காப்பவர் ஆயர் என்றார். உரோமைச் சபையின் ஆயர் வரிசையை எடுத்துக்காட்டாக நிரல்படுத்தினார்.

‘ஆயர்’ என நாம் இக்காலத்து வழங்கும் பதவியின் கிரேக்கப் பெயர், மேற்பார்வை செய்பவன் எனப் பொருள்படும். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு அதனைக் ‘கண்காணி’ எனத் தந்தது பொருட்செறிவு உடையது. திடாக்கேயின் காலத்தில் கண்காணிகளைச் சபையாரே தேர்ந்தனர். வழிவரும் தீர்க்கதரிசிகளுக்கு நிகராக அவர்களையும் மதித்தல் வேண்டும் என அந்நூல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. இரேனியசின் காலத்திலோ போதகரை மதிப்பிடும் உரிமை அக்கண்காணியின் கைக்குச் சென்றுவிட்டது.

இம்மாற்றத்தின் நடுவே எழுந்தது பிரிகியா நாட்டு மாண்டனசின் இயக்கம். மாண்டனசும் பிரிசில்லா, மாக்சிமில்லா என்னும் இரு பெண்டிரும் ஆவியின் வாக்கை உரைப்பதாகக் கூறினர். அவர்தம் கோட்பாட்டிற் பெரும்பிழை காண்பது எதிரிகளுக்கு எளிதாயில்லை. ஆகவே பழைய அளவுகோலையும் அவர்கள் நாட நேர்ந்தது. அப்பொல்லோனியசு என்பார் எழுதிய மறுப்பின் பகுதிகளை யூசேபியசு தம் திருச்சபை வரலாற்றிற் காத்துத் தந்துள்ளார். காணிக்கை என்னும் பெயரால் பணம் திரட்ட ஆள் அமர்த்தினர், தலைமயிருக்குச் சாயம் பூசினர், சூதாடினர், வட்டிக்குக் கொடுத்தனர் என அப்பொல்லோனியசு குற்றஞ் சாட்டுகின்றார். மாக்சிமில்லாவின் ஆவியைச் சோதிக்க ஆயர் இருவர் முயன்றபோது அவர் சார்பினர் தடுத்தனர் என்ற செய்தியும் அவ்வரலாற்றில் உண்டு. ஆசியாவின் நம்பிக்கையாளர் பல இடங்களிற் கூடி ஆராய்ந்து அவ்வியக்கத்தை விலக்கினர். திருச்சபைச் சங்கங்களைப் பற்றிய மிகப் பழைய செய்திகளுள் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு முரண் நோக்கத்தக்கது. கி.பி. 200-ஐ ஒட்டித் தெர்த்துல்லியன், முரண்கொள்கையர்க்குத் திருநூலைக் கையாளும் உரிமையே இல்லை. அது திருத்தூதர் வழிவந்த சபைகளின் உடைமை என வழக்கறிஞர் போன்று வாதிட்டார். சில ஆண்டுகள் கழித்து அவரே மாண்டனசின் புதிய வாக்கை ஏற்று, ஆயரின் அதிகாரத்தை எதிர்த்து எழுதினார். அளவுகோலை வகுத்தவரே அதனால் அளக்கப்பட்டார்.

அரியணை ஏறிய ஆயர்

வழிமுறையைக் காக்கும் ஆயரே கள்ளப் போதகர் எனக் கருதப்பட்டால் யாது செய்வது? இவ்வினா அந்தியோக்கியாவில் எழுந்தது. அந்நகர் ஆயரான சமோசாத்தா பவுல் மீது ஆயர் பலர் கூடி விசாரணை நடத்தி, ஏறத்தாழக் கி.பி. 268-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். சொல்வன்மையில் தேர்ந்த மால்கியோன் என்னும் மூப்பரே அவருடன் வாதிட்டு அவர் கொள்கையை வெளிப்படுத்தினார். சங்கத்தார் விடுத்த மடலையும் யூசேபியசு தந்துள்ளார்.

வறியவராயிருந்த பவுல் முறைகேடாகச் செல்வரானார். ஆயர் என்னும் பெயரினும் அரசு அலுவலர் என்னும் பெயரையே விரும்பினார். உயர்ந்த மேடையும் இருக்கையும் அமைத்துக்கொண்டார். தம் சொற்பொழிவுக்குக் கைதட்டாதாரைக் கடிந்துகொண்டார் என அம்மடல் நீள அடுக்குகின்றது. முதலிருக்கையையும் பணத்தையும் விரும்புபவன் பொய்யன் எனத் திடாக்கேயும் எர்மாவும் கூறிய அடையாளங்கள் பல இங்கே மீண்டும் வருகின்றன. ஆனால் அம்மடல் இறுதியிற் கூறுவது நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவது. நம்பிக்கையில் நம்மோடு ஒன்றிய ஒருவராயின் இவ்வொழுக்கக் குறைகளுக்குக் கணக்குக் கேட்கலாம்; நம்பிக்கை நெறியையே துறந்தவரிடம் அக்கணக்குக் கேட்கத் தேவையில்லை என்பது அதன் கருத்து. திடாக்கேயில் தீர்ப்பாக நின்ற ஒழுக்கம் ஈண்டுத் தீர்ப்புக்கு அணியாகச் சுருங்கிவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றத்தை இத்துணைத் தெளிவாகக் காட்டும் சான்று வேறொன்றை நாம் கண்டிலேம்.

நீக்கப்பட்ட பவுல் சபைக்குரிய இல்லத்தை விட்டு வெளியேற மறுத்தார். கி.பி. 272-இல் அந்தியோக்கியாவை மீட்ட பேரரசர் அவுரேலியனிடம் வழக்குச் சென்றது. இத்தாலியிலும் உரோமையிலும் உள்ள ஆயர் எவரோடு மடற்போக்குவரவு கொண்டுள்ளனரோ அவர்க்கே இல்லம் உரியது எனக் கிறித்தவரல்லாத அப்பேரரசர் தீர்த்தார். வீட்டுவாயிலில் நின்ற குடும்பத்தாரிடம் தொடங்கிய தீர்ப்புரிமை, ஆயரையும் சங்கத்தையும் கடந்து, அரசவை வரை சென்றமை இவ்வாற்றான் விளங்கும்.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஒழுக்கத்தால் அளப்பது எளிய மக்களுக்கு எட்டும் அளவுகோல்; வயிற்றுப்பிழைப்புக்காக வேடமிட்டவரை அது விரைவிற் காட்டிக்கொடுக்கும்; மார்சியனைப் போன்றாரிடம் அது தோற்கும். கோட்பாட்டால் அளப்பது மார்சியனைத் தடுக்கும். ஆயின் கற்றவரே அதனைக் கையாள இயலும். கோட்பாட்டில் வழுவாத மாண்டனசைப் போன்றாரிடம் அது தடுமாறும். பதவி வழிமுறையால் அளப்பது உறுதி தரும். பதவியில் இருப்பவரே பிழைபடின் அது கையற்று நிற்கும்.

இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் நேர்மையாகாது. மார்சியனை எதிர்கொண்ட சபைக்குத் திடாக்கே மட்டும் போதாது என்பது வரலாறு. எனினும், வழிமுறையைப் பெரிதும் வலியுறுத்திய இரேனியசே தம் நான்காம் பகுதியில், மூப்பர் எனப் பலரால் மதிக்கப்பட்டும் தம் இச்சைக்கு அடிமையாகி, முதலிருக்கையால் செருக்குற்றுப் பிறரை இகழ்வாரிடமிருந்து விலகுமாறு கூறுகின்றார். கோட்பாடும் வழிமுறையும் ஒழுக்கத்துக்கு மாற்றாகா. அதனோடு சேர்ந்தே நிற்றற்குரியன என்பது அவர் உள்ளக்கிடக்கை எனக் கொள்ளலாம். அந்தியோக்கியச் சங்கத்து மடல் எழுந்தபோது அச்சேர்க்கை தளர்ந்திருந்தது. முதல் மூன்று நூற்றாண்டுத் திருச்சபை பெற்ற தெளிவுகள் பல. விருந்தினர் யாது கேட்டார், எத்தனை நாள் தங்கினார் என நோக்கித் தாமே முடிவு செய்த அந்த எளிய வீட்டாரின் உரிமை, அத்தெளிவுகளுக்கு அது கொடுத்த விலை என்பதே நம் ஆய்வின் முடிபு.